செய்து பார்த்தவர்

எனெலெஸ் மத்தாக்கா தன் பள்ளிக்கூடத்து சர்வர் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பிள்ளையைக் கட்டுவது போலவே சிதென்ஜே துணியைக் குறுக்காகச் சுற்றி மார்புக்கு மேலே முடிந்திருந்தாள். ஏரிக்கரை நங்கோமாவிலிருந்து தார்ச்சாலை வரைக்கும் வாடகை சைக்கிளில் இரண்டு மணி நேரம். சைக்கிள் குதிக்கிற குதிக்குக் கேரியரில் வைத்தால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது. மினிபஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி துணியைத் தொட்டுப் பார்த்து, "என்னடி, உன் பிள்ளைக்கு இத்தனை மூலை இருக்கு?" என்று கேட்டாளாம். பஸ்ஸே சிரித்திருக்கிறது. இவள் சிரிக்கவில்லை.

அக்டோபர் தொடங்கிவிட்டது. சோம்பா மலைச் சரிவில் யாரோ புல்லுக்குத் தீ வைத்து, கரித்தூள் ஊர்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. கொடியில் கிடந்த வெள்ளைத் துணிகளில் கறுப்பு மயிர் மயிராக ஒட்டியிருந்தது. குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. ஃபானி பின்வாசலில் கரி அடுப்பை விசிறிக்கொண்டே தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"யாரு வேணும்?"

"மெர்விஸ் மேடம் வீடு இதுதானே?"

"இது வில்பிரட் மலுங்கா சார் வீடு. மேடமும் இங்கதான் இருக்காங்க."

ஃபானி வில்பிரட்டின் தங்கை. புருஷன் ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்துக்குப் போய் மூன்று வருஷமாகத் தகவல் இல்லை. அதனால் அண்ணன் வீட்டுக்கு வந்தவள், வந்த வாரமே அடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். மெர்விஸ் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அடுப்படிக்குள் போனால், "அண்ணி, உங்க கம்ப்யூட்டர் கூப்பிடுது, போங்க" என்பாள். அதில் பாதி உதவி, பாதி குத்தல். எது எந்தப் பாதி என்று மெர்விஸால் கடைசி வரை பிரிக்க முடிந்ததில்லை.

எனெலெஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஓலையில் பொதிந்த காய்ந்த மத்தெம்பா மீனை ஃபானியிடம் நீட்டினாள்.

"சண்டை போட வந்தவ கையில மீனா?" என்றாள் ஃபானி. முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டாள்.

"வெறுங்கையோட வரக்கூடாதுல்ல அக்கா."

முன்னறையில் வில்பிரட் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். எனெலெஸ் உள்ளே வந்ததும் சிமெண்டுத் தரையில் இரண்டு முழங்காலையும் ஊன்றி, கண்ணைத் தாழ்த்தி, உள்ளங்கைகளை மெல்லத் தட்டினாள். பெரியவர்கள் முன்னால் பெண்பிள்ளை அப்படித்தான் பேச ஆரம்பிக்க வேண்டும்.

"சார் நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கோம். நீ எப்படிம்மா?"

"நீங்க நல்லா இருந்தா நானும் நல்லா இருக்கேன்னு சொல்லணும் சார். ஆனா நான் நல்லா இல்ல."

வில்பிரட்டின் சிவப்புப் பேனா நின்றது. கதவோரம் வந்த மெர்விஸும் அங்கேயே நின்றாள்.

"நீங்க எழுதின முப்பத்தோராம் பக்கம் என் வேலையைத் தின்னுடுச்சு சார்" என்றாள் எனெலெஸ். முழங்காலிட்டபடியே, தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

நான்கு வருஷத்துக்கு முன் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பழைய கம்ப்யூட்டர்களும், அவற்றில் ஓட ஒரு இலவச மென்பொருளும் வந்தன. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், விலை கிடையாது. எப்படி ஓட்டுவது என்று சொல்லித்தர ஆளும் கிடையாது. கற்றுக்கொண்ட வாத்தியார்கள் கற்றுக்கொண்டதை ஆளுக்கு ஒரு பக்கமாக எழுத ஆரம்பித்தார்கள். சம்பளமில்லாத வேலை. அந்தப் பக்கங்களைச் சேர்த்து, கெஞ்சி வாங்கி, சண்டை போட்டுத் திருத்தி, புத்தகமாக்கி அறுபத்தொரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தவள் மெர்விஸ். புத்தகம் எங்கள் சிச்சேவா மொழியில்தான் இருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு பெயர் இருக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய பிடிவாதம். எழுதியவர் ஒன்று. செய்து பார்த்தவர் ஒன்று. செய்து பார்ப்பவர் அந்த வேலையை முன்னால் செய்திராதவராக இருக்க வேண்டும். பக்கத்தில் எழுதியிருப்பதை மட்டும் செய்ய வேண்டும். அப்போது எழுதியவர் அருகில் உட்காரலாம், வாயைத் திறக்கக்கூடாது.

முதலில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. சீனியர் எழுதியதை ஜூனியர் செய்து பார்ப்பது சந்தேகப்படுவதாகாதா? "சார் எழுதிட்டாரு, அதுக்கு மேல நான் என்னத்தைப் பாக்குறது?" என்று கையெழுத்துப் போட வந்தவர்களை மெர்விஸ் திருப்பி அனுப்பினாள். ஓய்வு பெறப் போகிற ஒரு ஹெட்மாஸ்டரின் பக்கத்தை மூன்று முறை திருப்பினாள். அவர் இன்றும் சந்தையில் அவளைப் பார்த்தால் பார்வையைத் தக்காளிக் குவியல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

முப்பத்தோராம் பக்கம் புது வருஷம் பிள்ளைகள் சேரும்போது அவர்கள் பெயர்களை சர்வரில் ஏற்றுவது பற்றியது. எழுதியவர்: வி. மலுங்கா. செய்து பார்த்தவர்: மெ. மலுங்கா.

"எனக்கு வந்த புது ஃபார்ம் ஒன் பிள்ளைங்க தொண்ணூத்தெட்டு பேர் பட்டியலை ஏத்தினேன்" என்றாள் எனெலெஸ். "பக்கத்துல போட்டிருந்தபடியே. கடைசி பட்டனை அழுத்தினதும் பழைய பிள்ளைங்க முன்னூத்தெண்பத்தாறு பேரும் காணோம். அவங்க ஃபைல் எல்லாம் காணோம். ஃபார்ம் ஃபோர் பிள்ளைங்க நாப்பத்தோரு பேரு, ஒரு வருஷமா செஞ்ச செய்முறை வேலை. டிசம்பர்ல வெளித் தேர்வாளர் வந்து பாக்கணும். பாக்க ஒண்ணும் இல்ல."

"நீ வேற எதையோ அழுத்தியிருப்ப" என்றார் வில்பிரட்.

"அழுத்தல சார்."

"எங்க ஸ்கூல்ல ரெண்டு வருஷமா நான் இதைத்தான் செய்யறேன். ஒரு பேரு போனதில்ல. உனக்கு மட்டும் போகுதுன்னா தப்பு பக்கத்துலயா இருக்கும்? காப்பி எடுத்து வச்சியா?"

"காப்பி எடுக்குற டிஸ்க் எங்க ஹெட்மாஸ்டர் அலமாரியில பூட்டிக் கிடக்கு. கேட்டா தொலைச்சுடுவேன்னு குடுக்க மாட்டாரு. இப்ப அவரே, சொந்த புத்தியில கை வச்சு பள்ளிக்கூடச் சொத்தை அழிச்சுட்டான்னு எழுதியிருக்காரு. வியாழக்கிழமை கல்வி ஆபீஸ்ல விசாரணை. நான் இன்னும் தகுதிகாண் காலத்துல இருக்கேன் சார். ஏழு மாசம் பாக்கி. தப்பு என்னோடதுன்னு ஆச்சுன்னா அன்னிக்கே வீட்டுக்கு."

"அதுக்கு நாங்க என்ன பண்ணணும்ங்கற?"

"பக்கம் தப்புன்னு எழுதித் தரணும்."

வில்பிரட் சிரித்தார். "நாப்பத்திமூணு பக்கம் எழுதியிருக்கேன் இந்தப் புத்தகத்துல. வேற எவனும் பத்தைத் தாண்டல. அடுத்த மாசம் ஹெட்மாஸ்டர் பதவி உயர்வுப் பட்டியல் வருது. நீ மீனைக் குடுத்து என் பேரைக் கெடுத்துட்டுப் போகலாம்னு வந்தியா?"

"மீன் அக்காவுக்கு. உங்களுக்கு இல்ல சார்."

பின்வாசலில் ஃபானி களுக்கென்று சிரித்தது கேட்டது. பிறகு சட்டென்று சட்டியை உருட்டி அந்தச் சிரிப்பை மறைத்தாள்.

இவ்வளவு நேரமும் அந்தப் பெண் ஒருமுறைகூட அவளைக் குற்றம் சொல்லவில்லை. கதவோரம் நிற்கும் தன்னை ஆதரவான ஆளாக நினைத்துத்தான் அவள் இத்தனை துணிச்சலாகப் பேசுகிறாள் என்று மெர்விஸுக்குப் புரிந்தது.

"செஞ்சு பாத்துடலாம்" என்றாள் மெர்விஸ். "பெட்டி இங்கயே இருக்கு. நாலு மணி வரைக்கும் கரண்ட் இருக்கும்."

"யாரு செய்யப் போறது? நீயா, அவளா? ரெண்டு பேருக்கும் முன்கூட்டியே தெரியும் என்ன வரணும்னு" என்றார் வில்பிரட்.

"ஃபானி செய்யட்டும்."

அப்படிச் சொல்வோம் என்று மெர்விஸே நினைத்திருக்கவில்லை. ஃபானி எட்டாம் வகுப்பு வரை படித்தவள். போனில் வேகமாகத் தட்டுவாள். கம்ப்யூட்டரைத் துடைத்திருக்கிறாளே தவிரத் தொட்டதில்லை. அதற்கெல்லாம் மேலாக, அண்ணனுக்கு எதிராக ஒரு விரல் அசைக்க மாட்டாள் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். வில்பிரட் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "தாராளமா. ஃபானி செய்யட்டும்."

"முதல்ல சாப்பிடுங்க" என்றாள் ஃபானி. "வந்தவளைப் பட்டினி போட்டு விசாரிக்கிற வீடுன்னு பேரு வாங்கவா?"

கிண்ணத்தில் மிச்சமிருந்த தண்ணீரை ஒவ்வொருவர் கையிலும் சிக்கனமாக ஊற்றினாள். சோளக் களியாகிய ந்சிமா கட்டிகளும், நிலக்கடலை மாவில் வெந்த பூசணி இலையும், அந்த மீனும். வில்பிரட் மீனைத் தொடவில்லை. எனெலெஸ் ந்சிமாவைப் பிய்த்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். வாய்க்குக் கொண்டு போகவில்லை. கடலை மாவு நன்றாக வெந்திருக்கிறது என்றுகூட யாரும் சொல்லவில்லை.

பிறகு எனெலெஸ் பெட்டியை வில்பிரட்டின் மானிட்டரில் இணைத்தாள். சோதனைக்கு என்று பத்துப் பழைய மாணவர்களை உள்ளே ஏற்றினாள். சும்மா ஒன்று இரண்டு என்று பெயர் வைத்திருக்கலாம். அவள் தன் ஃபார்ம் ஃபோர் பிள்ளைகளின் பெயர்களையே தட்டினாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சின்ன ஃபைல். தட்டும்போது உதடு அசைந்தது, வகுப்பில் ஆஜர் எடுப்பது போல.

ஃபானி கையைத் துணியில் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். முப்பத்தோராம் பக்கத்தை இடது பக்கம் வைத்தாள்.

"தடாலா அப்பா, விதி தெரியும்ல? வாயைத் திறக்கக் கூடாது" என்றாள் மெர்விஸ். விடுதியில் படிக்கும் மகள் தடாலாவின் பெயரால்தான் அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது.

"நீ எழுதின விதியை எனக்கே சொல்றியா, தடாலா அம்மா?"

ஃபானி விரலை வரிக்கு வரி நகர்த்திச் சத்தமாகப் படித்தாள். "'மாணவர் என்பதைத் திறக்கவும்.' திறந்தாச்சு. 'பட்டியல் ஏற்று என்பதை அழுத்தவும்.' அண்ணே, அழுத்தலாமா?"

வில்பிரட் வாயைத் திறக்கவில்லை.

"பாருங்க, ஊமைச்சாமி ஆயிட்டாரு. ரெண்டு வருஷமா இந்த வீட்ல இவரை நிறுத்த நான் பட்ட பாடு, அண்ணிகிட்ட இப்படி ஒரு விதி இருக்குன்னு தெரியாமப் போச்சே!" அழுத்தினாள். புது மாணவர் ஐந்து பேரின் பட்டியல் திரையில் வந்தது. அதன் கீழே ஏதோ சின்ன எழுத்தில் ஒரு வரி, அதையொட்டிக் காலியாக ஒரு கட்டம்.

"'பெயர்களைச் சரிபார்க்கவும்.' சரி. 'முடி என்பதை அழுத்தவும்.'"

ஃபானியின் விரல் முடி என்பதன் மேல் போனது.

வில்பிரட் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். மெர்விஸ் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாடை அசைந்ததைப் பார்த்தாள். பதினாறு வருஷமாகப் பார்க்கிற தாடை.

"ஏய், அந்தக் கட்டத்துல டிக் போடு முதல்ல!" என்று கத்திவிட்டார்.

ஃபானி திரும்பினாள். "எந்தக் கட்டம்?"

"கீழ பாரு. 'பட்டியலில் இல்லாதவர்களையும் வைத்திரு'ன்னு இருக்குல்ல? கண்ணு தெரியல?"

ஃபானி பக்கத்தை எடுத்து மேலிருந்து கீழே படித்தாள். மறுபடி படித்தாள். "இதுல அப்படி ஒண்ணும் இல்லையே அண்ணே. நீங்க எழுதவே இல்லையே."

"அதெல்லாம் எழுதணுமா? பாத்தா தெரியாதா?"

"எனக்குத் தெரியலையே" என்றாள் ஃபானி. அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. பிறகு, பக்கத்தில் எழுதியிருந்தபடியே, முடி என்பதை அழுத்தினாள்.

ஐந்து பெயர்கள் இருந்தன. எனெலெஸ் தட்டிய பத்துப் பெயர்களும் இல்லை.

எப்படி நடந்தது என்று வில்பிரட்டுக்கு அந்த நிமிஷமே புரிந்திருக்க வேண்டும். மெர்விஸுக்கும் புரிந்தது. அவர் பள்ளிக்கூடத்து சர்வரில் என்றைக்கோ யாரோ அந்த டிக்கைப் போட்டிருக்கிறார்கள். ஒருமுறை போட்டதை மென்பொருள் மறப்பதில்லை. தினம் கடக்கிற வாசல்படி போல அவர் கண் அதைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தது. புதிதாக ஏற்றிய சர்வரில் அது காலியாக இருக்கும். முதல்முறை செய்கிற எவருடைய விரலும் அங்கே இடறியிருக்கும். இடறுவதற்காகத்தான் இரண்டாவது பெயரே.

எனெலெஸ் அழவில்லை. சந்தோஷப்படவும் இல்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பக்கத்தின் அடியில் இருந்த வரியைப் பார்த்தாள். பிறகு மெர்விஸ் பக்கம் திரும்பினாள்.

"மேடம், அப்ப உங்களுக்கு எப்படி சரியா வந்துச்சு?"

மெர்விஸ் அந்தப் பக்கத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் கேக்கலேன்னா வியாழக்கிழமை அவங்க கேப்பாங்க மேடம். செஞ்சு பாத்தவருக்கு சரியா வந்திருக்கு, உனக்கு மட்டும் ஏன் வரலன்னு. எங்க ஹெட்மாஸ்டர் இப்பவே அதைத்தான் சொல்றாரு. ரெண்டு பேர் இருக்குற பக்கம் தப்பா இருக்காதுன்னு."

ஜூலை மாதம் நடந்தது அது. மலையிலிருந்து தூறல் இறங்கி மூன்று நாள் ஓயாத குளிர். வில்பிரட் சாப்பாட்டுத் தட்டருகே இந்தப் பக்கத்தை வைத்தார். உன் பேரைப் போட்டுடு என்றார். நாளைக்கு ஸ்கூலில் செய்து பார்க்கிறேன் என்றாள். மறுநாள் கரண்ட் இல்லை. அதற்கு மறுநாள், "போட்டியா?" என்று கேட்டார். அதட்டவில்லை. தேநீரைக் கலக்கிக்கொண்டே கேட்டார். அவள் போட்டாள். ஒரு கோப்பையைக் கழுவுகிற நேரம்கூட ஆகவில்லை.

பயம் என்றுதான் இதுவரை தனக்குள் சொல்லி வந்தாள். இந்தப் பெண் முன்னால் நிற்கும்போது அந்தச் சொல் பொருந்தவில்லை. வில்பிரட் கை ஓங்குகிறவர் அல்ல. அவருடைய நாற்பத்திமூன்றில் பாதிதான் அவளிடம் செய்து பார்க்க வந்தவை; முதலில் வந்த இரண்டு பக்கங்களில் தப்புக் கண்டுபிடித்தாள். இரண்டு முறையும் ஒரு வாரம் வீட்டில் பேச்சு நின்றது. ஃபானியிடம் தண்ணீர் கேட்பார், ஃபானியிடம் சட்டை கேட்பார். அந்த ஒரு வாரம் வேண்டாம் என்றுதான் மூன்றாவது பக்கத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டாள். அது பயமில்லை, சௌகரியம். அடுத்தவர் பக்கங்களில் காற்புள்ளிக்குக்கூடச் சண்டை பிடித்ததும் ஒருவேளை அதனால்தானோ? வீட்டுக்குள் விட்டதை வெளியில் பிடித்து வைத்துக்கொண்டாளோ?

"நான் செஞ்சு பாக்கல" என்றாள்.

"என்ன மேடம்?"

"செஞ்சு பாக்காம பேரைப் போட்டேன்."

கரி அடுப்பில் ஏதோ வெடித்தது. எனெலெஸ் எழுந்து நின்றாள். இவ்வளவு நேரம் தாழ்ந்திருந்த கண் மெர்விஸின் முகத்துக்கு நேராக வந்தது.

"அந்தக் கட்டத்தை நான் பாத்தேன் மேடம். அன்னிக்கு. பாத்து, விரலை எடுத்துட்டேன். இது என்னவோ இருக்கே, டிக் போடணுமோன்னு யோசிச்சேன். பக்கத்தை மூணு தடவை படிச்சேன். கீழ உங்க பேரு. மெர்விஸ் மேடம் செஞ்சு பாத்திருக்காங்க, அவங்க எவ்வளவு கறார்னு ஊருக்கே தெரியும், எனக்குத்தான் பயம்னு நினைச்சு அழுத்தினேன். சார் பேரை நம்பி அழுத்தல. உங்க பேரை நம்பி அழுத்தினேன்."

"எனெலெஸ்..."

"பேரு இல்லாம விட்டிருந்தீங்கன்னா அன்னிக்கு அழுத்தியிருக்க மாட்டேன். அவ்வளவுதான் மேடம்."

அவள் பெட்டியைக் கழற்ற ஆரம்பித்தாள். ஃபானி உதவிக்குக் குனிந்தாள். "என் வீட்ல படு. வியாழக்கிழமை இங்கிருந்தே போயிடலாம்" என்று மெர்விஸ் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. மிஷன் விடுதியில் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாளாம்.

அவள் போன பிறகு வில்பிரட் கதவைச் சாத்தினார்.

"கடுதாசி குடு. வேண்டாங்கல. பக்கத்துல ஒரு வரி விட்டுப் போச்சு, வருத்தம்னு எழுது. செஞ்சு பாக்கலன்னு எதுக்கு எழுதணும்?"

"எழுதலன்னா அவளை நம்ப மாட்டாங்க."

"நீ எழுதினா யாரையுமே நம்ப மாட்டாங்க. அறுபத்தோரு ஸ்கூலு. நாலு வருஷம். பொண்டாட்டி புருஷனுக்குக் கையெழுத்துப் போட்டாளாம்னு சந்தையில பேசுவான். ஹெட்மாஸ்டர் பட்டியல்ல என் பேருக்கு எதிர்ல எவனாவது ஒரு கோடு போட்டா போதும்."

"உங்க பக்கத்தை நான் செஞ்சு பாத்திருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

"என்ன செஞ்சிருப்பேன்? திருத்தியிருப்பேன்."

"ஒரு வாரம் கழிச்சு."

அவருக்குப் புரிந்தது. முகம் இறுகியது. "ஓ. அப்ப இதுவும் என் தப்பா? நான் உன் கையைப் பிடிச்சு பேரைப் போட வச்சேனா?"

"இல்ல. நான்தான் போட்டேன். அதைத்தான் எழுதப் போறேன்."

"எழுது. எழுதிட்டு, மலுங்காங்கற பேரை எடுத்துடு. உங்கப்பன் பேரைப் போட்டுக்க. என் பேருல நின்னுகிட்டு என்னைக் குழி தோண்டாதே."

"பக்கத்துல மெ. மலுங்கான்னு இருக்கு. கடுதாசியிலயும் அதான் இருக்கணும். இல்லன்னா வேற யாரோ எழுதினதுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

கடிதம் செல்லாமல் போகட்டும் என்று யோசித்துத்தான் பெயரை எடுக்கச் சொன்னாரோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. கடிதத்தை எழுத உட்கார அப்படித் தோன்றியதே போதுமானதாக இருந்தது.

புதன்கிழமை முழுக்க வில்பிரட் ஃபானியிடம் தண்ணீர் கேட்டார், ஃபானியிடம் சட்டை கேட்டார். ஃபானி இரண்டையும் கொடுத்தாள். மெர்விஸ் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்து நின்றாள்.

"அண்ணி, இந்த வீட்ல எனக்கு ஒரு பாயும் ஒரு அடுப்பும் அண்ணனாலதான். அதனால நான் உங்க பக்கம்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கல."

"ஆனா அந்தப் பத்துப் பேரும் என் விரலாலதான் போனாங்க. ராத்திரி தூக்கம் வரல." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை கல்வி அலுவலகத்தில் மின்விசிறி ஓடவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஐம்பது வயதுப் பெண். நங்கோமா ஹெட்மாஸ்டர் புத்தகத்தைக் கையிலேயே கொண்டு வந்திருந்தார். "ரெண்டு பேரு போட்டு அச்சடிச்ச பக்கம் அம்மா. படிச்சவங்க. இவங்க தப்புன்னா, இந்தப் பொண்ணு ஒழுங்கா?"

"ஒரு பேருதான் நிஜம்" என்றாள் மெர்விஸ். "ரெண்டாவது என்னோடது. நான் செஞ்சு பாக்கல."

அதிகாரி கடிதத்தை முழுக்கப் படித்தார். "ஏன் பாக்கல?"

வழியெல்லாம் அவள் பதில் தயாரித்திருந்தாள். கரண்ட், தேர்வு நேரம், வேலைப் பளு. எல்லாமே உண்மைதான்.

"எழுதினவர் என் வீட்டுக்காரர்."

"அது ஒரு காரணமா?"

"காரணம் இல்லம்மா. ஆனா அதுதான் நடந்தது."

அதிகாரி அதையும் கடிதத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். பிறகு ஹெட்மாஸ்டரிடம், காப்பி எடுக்கிற டிஸ்க் யார் அலமாரியில் இருக்கிறது என்று கேட்டார். ஹெட்மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

எனெலெஸ் வேலைக்குத் திரும்பலாம். அவள் கோப்பில் ஒன்றும் ஏறாது. ஃபார்ம் ஃபோர் பிள்ளைகள் டிசம்பருக்குள் செய்முறையை முதலிலிருந்து செய்ய வேண்டும். அதற்கு மேல் அவகாசம் தர அவருக்கு அதிகாரம் இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு மெர்விஸ் பக்கம் திரும்பினார்.

"இந்தப் புத்தகத்துல இன்னும் எத்தனை பக்கம் இப்படி?"

"பத்தொன்பது."

அறையில் எனெலெஸ் முதல்முறையாகத் தலையைத் திருப்பினாள்.

"அப்ப எல்லா ஸ்கூலுக்கும் சுற்றறிக்கை போகும்" என்றார் அதிகாரி. "இந்தப் புத்தகத்தை எடுத்து உள்ள வைக்கச் சொல்லி. நாலு வருஷ வேலைன்னு தெரியும். வேற வழியில்ல."

வெளியே மினிபஸ் நிறுத்தத்தில் ஜகரந்தா பூக்கள் உதிர்ந்து, மிதிபட்டு, தரை ஊதா நிறக் கூழாகிக் கிடந்தது. எனெலெஸ் பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்தாள். மெர்விஸ் மறு கோடியில். இடையில் இரண்டு பேர் உட்காரலாம்.

"நன்றி சொல்லணும்னு எதிர்பாக்காதீங்க மேடம்."

"இல்ல."

"நாப்பத்தோரு பிள்ளைங்க. ரெண்டரை மாசம். எட்டு கம்ப்யூட்டர், அதுல ஒண்ணு தண்ணி குடிச்சது." செருப்பில் ஒட்டிய பூவைத் தரையில் தேய்த்தாள். பிறகு, "அந்தப் பத்தொன்பது பக்கம் எதெதுன்னு எழுதிக் குடுங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? செஞ்சு பாக்கத்தான். புத்தகத்தை உள்ள வச்சுட்டா நாளைக்கு என்னை மாதிரி இன்னொருத்தி எதைப் பாத்து செய்வா? எங்ககிட்ட அழியறதுக்கு இனிமே ஒண்ணும் மிச்சம் இல்ல. அதைவிட நல்ல இடம் உங்களுக்கு எங்க கிடைக்கும்?"

"நானும் வரேன். சனிக்கிழமை சனிக்கிழமை."

"வேண்டாம். நீங்க பக்கத்துல நின்னா நீங்க சொல்றதுதான் சரின்னு என் கை மறுபடி நம்பிடும். எழுதி மட்டும் குடுங்க."

மெர்விஸ் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள். எழுத ஆரம்பித்தாள். ஏழு. பன்னிரண்டு. பதின்மூன்று. இருபத்தாறு. பேனா எங்கும் நிற்கவில்லை. புத்தகம் பைக்குள்ளேயே இருந்தது.

எனெலெஸ் பெஞ்சின் மறு கோடியிலிருந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்காமலே எழுதுறீங்க."

"ம்."

"அப்ப ஒவ்வொண்ணும் தெரிஞ்சுகிட்டேதான் இருந்திருக்கு."

சாலை வளைவில் மினிபஸ் ஹார்ன் அடித்தது. மெர்விஸ் பதினான்காவது எண்ணை எழுதிக்கொண்டிருந்தாள்.